கடலோரச் சுவரில் ஐந்தடிப் படம்: எந்தத் தாளில் அச்சிடுவது?

புகைப்படக் கேள்வி – பதில்

கண்காட்சிக்காகப் பெரிய அளவில் படம் அச்சிடுவது பற்றிப் புதுச்சேரியிலிருந்தும் கடலூரிலிருந்தும் வந்த கேள்விகளை இந்த முறை ஒன்றாக எடுத்துக்கொண்டோம். வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் ‘எந்தக் கம்பெனித் தாள் நல்லது’ என்றுதான் கேட்கின்றன. கடற்கரை ஊரில் அதற்கு முன்பே கேட்க வேண்டியவை மூன்று: படம் எந்தச் சுவரில் தொங்கப்போகிறது, அதன்மேல் வெளிச்சம் எங்கிருந்து விழுகிறது, பின்னால் எதில் ஒட்டப்போகிறீர்கள்? இதற்கு விடை தெரிந்துவிட்டால் தாள் பெரும்பாலும் தானாகவே முடிவாகிவிடும்.

கேள்வி: மீனவர் வாழ்க்கை பற்றிய ஆறு கறுப்பு வெள்ளைப் படங்களை, பழைய பிரெஞ்சு பாணி வீடு ஒன்றின் கூடத்தில் ஒரு மாதம் வைக்கப்போகிறோம். ஒவ்வொன்றும் 40க்கு 60 அங்குலம். அச்சிடும் இடத்தில் லஸ்டர், பரைட்டா, காட்டன் ராக் என மூன்று தாள்களைக் காட்டுகிறார்கள். விலையில் பெரிய வித்தியாசம். எதை எடுப்பது?
— புகைப்படக் குழுவினர், முத்தியால்பேட்டை

பதில்: பார்வையாளர்கள் வரும் நேரத்தில் அந்தக் கூடத்துக்குப் போய், படம் மாட்டப்போகும் சுவரைப் பார்த்து நில்லுங்கள். உங்கள் முதுகுக்குப் பின்னால் சன்னலோ வாசலோ இருக்கிறதா? அந்த வீடுகளில் ஆளுயரச் சன்னல்கள்தான் வழக்கம். எதிரே பளபளப்பான படம் மாட்டினால் சன்னல் முழுதாக அதில் தெரியும். இருட்டான பகுதி அதிகமுள்ள படமானால் பார்ப்பவர் தன் சட்டையைத்தான் பார்ப்பார். சின்னப் படத்தில் ஓரடி நகர்ந்தால் பிரதிபலிப்பு விலகிவிடும். ஐந்தடிப் படத்தில் எங்கே நகர்ந்தாலும் ஏதோ ஒரு மூலையில் வெளிச்சம் அடித்துக்கொண்டேயிருக்கும்.

இப்போது மூன்று தாள்களும் என்னவென்று பார்ப்போம். லஸ்டர் என்பது இருபுறமும் பாலிதீன் பூசிய தாள். பெரும்பாலும் 240 முதல் 260 ஜிஎஸ்எம் (ஒரு சதுர மீட்டர் தாளின் எடை, கிராமில்). பிளாஸ்டிக் பூச்சு இருப்பதால் காற்றின் ஈரம் உள்ளே போக நேரமாகும், தட்டையாக நிற்கும், விலையும் குறைவு. பரைட்டாவில் நாரால் ஆன தாளின்மேல் பேரியம் சல்ஃபேட் அடுக்கு, அதன்மேல் மை பிடிக்கும் பூச்சு. 300 ஜிஎஸ்எம்மும் அதற்கு மேலும் வரும். பழைய இருட்டறை ஃபைபர் பிரின்டின் சாயல் இதில்தான் கிடைக்கும். காட்டன் ராக் முழுக்கப் பருத்தி நார், துளியும் பளபளப்பு இல்லாத மேட் பரப்பு. ஹானமூலே நிறுவனத்தின் போட்டோ ராக் 308 ஜிஎஸ்எம் இந்த வகையில் பலருக்கும் தெரிந்தது.

கறுப்பின் ஆழத்தில்தான் உண்மையான வேறுபாடு. மேட் தாளில் கறுப்பின் அடர்த்தி 1.6, 1.7 அளவில் நின்றுவிடும். நல்ல லஸ்டரிலும் பரைட்டாவிலும் 2.3ஐத் தாண்டும். இந்த எண் மடக்கைக் கணக்கு என்பதால், மேட் தாளின் கறுப்பு தன்மேல் விழும் ஒளியில் இரண்டு சதவீதத்துக்கும் சற்று அதிகமாகத் திருப்பி அனுப்புகிறது. பரைட்டாவின் கறுப்பு அரை சதவீதம்தான் அனுப்புகிறது. நான்கு மடங்குக்கு மேல் வித்தியாசம். ஆனால் இது அளவுமானி சொல்லும் கணக்கு. எதிரே சன்னல் திறந்திருக்கும் கூடத்தில் பளபளப்பான பரப்பின்மேல் படியும் வெளிச்சம் அந்தக் கறுப்பை அப்படியே விழுங்கிவிடும். மேட் தாளின் கறுப்பு எந்தப் பக்கமிருந்து பார்த்தாலும் ஒரே மாதிரி இருக்கும்.

ஆகவே எங்கள் தீர்ப்பு இது. சுவருக்கு எதிரே சன்னல் இருந்து, கண்ணாடி போடாமல் மாட்டுவதானால் காட்டன் ராக். சன்னலுக்குத் திரை போட்டு, மேலிருந்து சுமார் 30 பாகைச் சாய்வில் விளக்குகளை இறக்க முடியுமானால் பரைட்டா. மணலும் ஈர வலையும் நிறைந்த படங்களுக்கு அதைப்போல வேறொன்று இல்லை. எப்படியும் சட்டத்துக்குள் சாதாரணக் கண்ணாடி போடப்போகிறீர்கள் என்றால் பரைட்டாவுக்குச் செலவழிக்காதீர்கள். கண்ணுக்குத் தெரியப்போவது கண்ணாடியின் பளபளப்புதான். நீங்கள் விலை கொடுத்து வாங்கிய பரப்பு அதற்குப் பின்னால் மறைந்துவிடும். பணம் முடையென்றால் லஸ்டரில் போடுங்கள். ஒரு மாதக் காட்சிக்கு அது குறைவான தாள் அல்ல. மோசமாக மாட்டிய காட்டனைவிட, ஒழுங்காக மாட்டிய லஸ்டர் நன்றாகவே இருக்கும்.

ரோல் கணக்கையும் போட்டுக்கொள்ளுங்கள். பெரும்பாலான இடங்களில் 44 அங்குல அகல எந்திரம்தான் இருக்கும். அதில் 40 அங்குலப் படம் போட்டால் இருபுறமும் 2 அங்குலம் வெள்ளை விளிம்பு மிஞ்சும். அந்த விளிம்பை வெட்டச் சொல்லாதீர்கள். கை படுவதற்கும் மாட்டுவதற்கும் அதுதான் இடம். நீளவாட்டில் 60 அங்குலத்தோடு மேலும் கீழும் 2 அங்குலம் சேர்த்தால் ஒரு படத்துக்கு 1.63 மீட்டர். காட்டன், பரைட்டா ரோல்கள் பல 12 மீட்டர் நீளத்தில் வருகின்றன. ஆறு படத்துக்கு 9.75 மீட்டர் போக 2.25 மீட்டர் மீதி. அந்த மீதியில் படத்துக்கு ஒன்றாக, ஓரடிக்குச் சற்று அதிக அகலத்தில் ஆறு சோதனைத் துண்டுகள் எடுக்கலாம். இந்தச் செலவை மட்டும் மிச்சம் பிடிக்க வேண்டாம். ஏ4 தாளில் படத்தைச் சுருக்கி எடுக்கும் சோதனையால் பயனில்லை. முழு அளவுப் படத்திலிருந்து முகமும் ஆழ்ந்த நிழலும் வரும் ஒரு பட்டையை எடுத்து, அதே சுவரில், அதே நேரத்தில் ஒட்டிப் பாருங்கள்.

காட்டன் தாளில் தளர்ந்த பருத்தித் தூசி இருக்கும். மை அதன்மேல் விழுந்து, பிறகு தூசி உதிர்ந்தால் கறுப்பில் வெள்ளைப் புள்ளிகள் தெரியும். அச்சிடும் முன் அகலமான மென்மயிர்த் தூரிகையால் தாளை முழுக்கத் துடைக்கச் சொல்லுங்கள். மேட் தாளுக்கு மேட் கறுப்பு மை, மற்றவற்றுக்கு போட்டோ கறுப்பு மை. சில பழைய எந்திரங்களில் இவ்விரண்டு மையும் போக ஒரே பாதைதான். மாற்றும்போதெல்லாம் மை வீணாகும் என்பதால் கடைக்காரர் தயங்குவார். போட்டோ கறுப்பிலேயே மேட் தாளைப் போட்டுக் கொடுத்துவிட்டால் கறுப்பு சாம்பலாக வரும். முன்கூட்டியே கேட்டுவிடுங்கள்.

இந்த அளவுத் தாளை ஒருவர் தூக்கவே கூடாது. இரண்டு பேர், பருத்திக் கையுறையோடு, எதிரெதிர் மூலைகளைப் பிடித்துத் தொய்வாகத் தூக்க வேண்டும். கட்டைவிரல் அழுந்தினால் பரைட்டாவில் பிறை வடிவத் தழும்பு விழும். அதைப் போக்க வழியே இல்லை.

கேள்வி: என் கேமரா 24 மெகாபிக்சல். 60 அங்குலத்துக்கு அச்சிட்டால் படம் பிக்சல் பிக்சலாக உடையுமா? அதற்கேற்ற தாள் உண்டா?
— கல்லூரி மாணவர், மஞ்சக்குப்பம், கடலூர்

பதில்: 24 மெகாபிக்சல் படத்தின் நீளவாட்டில் சுமார் 6000 பிக்சல் இருக்கும். அதை 60 அங்குலத்தால் வகுத்தால் அங்குலத்துக்கு 100 பிக்சல். நல்ல பார்வையுள்ள கண் ஒரு மீட்டர் தூரத்தில் அங்குலத்துக்கு சுமார் 87 பிக்சலுக்கு மேல் பிரித்தறியாது. தூரம் கூடக்கூட இது குறையும்; 87ஐ மீட்டர் தூரத்தால் வகுத்துக்கொண்டால் போதும். அப்படிப் பார்த்தால் 90 சென்டிமீட்டருக்கு அப்பால் நிற்பவருக்கு உங்கள் படத்தில் குறை தெரியாது. ஐந்தடிப் படத்தை முழுதாகப் பார்க்க விரும்புபவர் எப்படியும் அதற்குப் பின்னால்தான் நிற்பார். கிட்டே வந்து மூக்கை வைத்துப் பார்ப்பவர்களும் வருவார்கள். அவர்களுக்காகத்தான் தாள்.

மெல்லிய சொரசொரப்புள்ள மேட் தாள் குறைகளை மன்னிக்கும். நாரின் இழைநயமே நுண்விவரம் போலத் தோன்றும். பளபளப்புத் தாளோ, படத்திலுள்ள இரைச்சலையும் (புள்ளி புள்ளியான பிசிறு), கூர்மையை அதிகம் ஏற்றியதால் விளிம்புகளில் வரும் வெள்ளைக் கோட்டையும் அப்படியே காட்டிக்கொடுக்கும். உங்கள் விஷயத்தில் கேமராவைவிடக் கை நடுக்கம்தான் கவலைக்குரியது. இந்தப் பெருக்கத்தில் ஒரு பிக்சல் தாளில் கால் மில்லிமீட்டர். மூன்று பிக்சல் ஆட்டம் முக்கால் மில்லிமீட்டர் ஆகிவிடும், அதை எந்தத் தாளும் மறைக்காது. படத்தை வெட்டிச் சிறிதாக்கியிருந்தால் மீதி இருக்கும் பிக்சலை வைத்துக் கணக்கை மறுபடி போடுங்கள்.

கேள்வி: ஸ்ரீ அரவிந்தர் ஆசிரமத்துக் கைவினைத் தாளில் பெரிய படங்களை அச்சிட ஆசை. உள்ளூர்த் தாளில் உள்ளூர்ப் படம் என்று வைத்தால் அழகாக இருக்குமே. முடியுமா?
— நுண்கலை மாணவி, அரியாங்குப்பம்

பதில்: ஆசை நியாயமானது. 1959இல் தொடங்கிய அந்தக் கூடத்தில் செய்யும் தாள் பருத்தித் துணியைக் கூழாக்கிச் செய்வது. நாரின் தரத்தைப் பொறுத்தவரை விலையுயர்ந்த அச்சுத் தாள்களுக்கு உறவுதான். இடைஞ்சல் வேறு மூன்று இடங்களில் இருக்கிறது.

முதலாவது, மை பிடிக்கும் பூச்சு இல்லாதது. இன்க்ஜெட் கலைத் தாளின் மேற்பரப்பில் மையை நின்ற இடத்திலேயே பிடித்துவைக்கும் நுண்துளைப் பூச்சு உண்டு. கைத்தாளில் மை நாருக்குள் இறங்கிப் பரவும். கறுப்பு கரும்சாம்பலாகும், நிறம் மங்கும், நுண்ணிய கோடுகள் ஊறித் தடித்துவிடும். இரண்டாவது, தடிமன் இடத்துக்கு இடம் மாறுவதும் விளிம்பு இழை இழையாக இருப்பதும். அச்சுத்தலைக்கும் தாளுக்கும் இடையே இருப்பது ஒன்றிரண்டு மில்லிமீட்டர் இடைவெளிதான். மேடான இடமோ பிசிரான விளிம்போ தலையில் உரசினால் படம் போவதோடு எந்திரமும் பழுதாகும். பல கடைகளில் கைத்தாளைத் தொட மறுப்பது இதனால்தான். அவர்களைக் குறை சொல்ல முடியாது. மூன்றாவது, கைத்தாள் சட்டத்தில் ஒவ்வொன்றாக அள்ளி எடுப்பது. சுவர் உயர ரோலாக வராது.

அப்படியும் செய்துபார்க்க வேண்டுமென்றால் இப்படிச் செய்யுங்கள். மிக வழவழப்பான, ஒரே சீரான தாளாகப் பார்த்து எடுங்கள். பூவிதழோ இழையோ கலந்த அலங்காரத் தாள் வேண்டாம். இழையோடிய விளிம்பை நேராக வெட்டிவிடுங்கள். இன்க்ஜெட்டுக்கென்றே விற்கும் முன்பூச்சுத் திரவத்தை அகலத் தூரிகையால் குறுக்கே ஒரு முறை, அது காய்ந்தபின் நெடுக்கே ஒரு முறை பூசுங்கள். கனமான பலகைக்கு அடியில் இரண்டு நாள் வைத்துத் தட்டையாக்குங்கள். அச்சுத்தலையின் உயரத்தை மிக அதிகமான நிலைக்கு ஏற்றச் சொல்லுங்கள். பெரிய படத்தைப் பல தாள்களாகப் பிரித்து, இடையே விரலகல வெளி விட்டு, கட்டம் கட்டமாகச் சுவரில் அடுக்கலாம். தாளுக்குத் தாள் நிறம் சற்று மாறும். அதை ஏற்கும் படமாகத் தேர்ந்தெடுங்கள். வானம் பரந்திருக்கும் படத்தில் அந்த மாற்றம் உறுத்தும், வலைக் குவியலும் சந்தைக் கூட்டமும் தாங்கும்.

கேள்வி: பள்ளி விழாவுக்காக 3 அடிக்கு 5 அடி அளவில் பத்துப் படங்களை லஸ்டர் தாளில் எடுத்து, 5 மி.மீ. சன்போர்டில் ஒட்டி மேட் லாமினேஷன் போட்டோம். ஐப்பசி மழை தொடங்கியதும் கொப்புளம் கொப்புளமாகக் கிளம்பிவிட்டது. சில பலகைகள் வில்லாக வளைந்துவிட்டன. தாள் மோசமா?
— ஆசிரியர், கடலூர் முதுநகர்

பதில்: தாள்மேல் பழி வேண்டாம். லஸ்டர் இந்த வேலைக்கு ஏற்றதுதான். கொப்புளத்தை உற்றுப் பாருங்கள், காரணம் அதிலேயே இருக்கும்.

மை அடர்ந்த இருண்ட இடங்களில் மட்டும் கடுகளவில் சிதறிக் கிடந்தால், மை உலருமுன்பே லாமினேஷன் போட்டிருக்கிறார்கள். தொட்டால் ஒட்டாது என்பதால் காய்ந்துவிட்டதாக எண்ணுவார்கள். மையிலுள்ள கிளைகால் (glycol) போன்ற கரைப்பான்கள் வெளியேற இன்னும் நேரம் வேண்டும். மேலே பிளாஸ்டிக், கீழே பாலிதீன் பூச்சு என்றால் அந்த ஆவிக்குப் போக வழியேது? குறைந்தது 24 மணி நேரம், மழைக்காலத்தில் 48 மணி நேரம், மின்விசிறிக் காற்று படும்படி விரித்துவைக்க வேண்டும். அடுக்கி வைக்க வேண்டியிருந்தால் ஒவ்வொரு படத்தின்மேலும் அச்சடிக்காத வெள்ளைத் தாளைப் போட்டு, சில மணி நேரத்துக்கு ஒரு முறை மாற்றுங்கள். உலராத படத்துக்குச் சட்டம் போட்டாலும் இதே தொல்லைதான். கண்ணாடியின் உள்பக்கம் மூடுபனி போலப் படியும்.

கொப்புளங்கள் நீளக் கோடுகளாகவோ விளிம்போரமாகவோ இருந்தால் உருளையின் அழுத்தம் ஒரே சீராக இல்லை. அங்கொன்றும் இங்கொன்றுமாக இருந்து, நடுவில் கையால் தடவினால் மணல் போல நெருடினால் அது தூசி. கடற்கரையோரக் கடைகளில் கதவைத் திறந்துவைத்து ஒட்டினால் இது தவறாது.

பலகை வளைந்தது தனிக் கதை. சன்போர்டு பிவிசி நுரை. வெப்பம் 15 பாகை ஏறினால் 5 அடிப் பலகை ஒரு மில்லிமீட்டருக்கு மேல் நீளும். முன்பக்கம் ஒட்டியிருக்கும் தாளும் லாமினேஷனும் அதே அளவுக்கு நீளாது. ஒரு பக்கம் இழுத்துப் பிடிக்க மறுபக்கம் நீண்டால் வளையாமல் என்ன செய்யும்? சுவரில் சாய்த்துவைத்திருந்தால் தன் எடையாலும் தொய்ந்திருக்கும்.

அடுத்த முறை 3 மி.மீ. ஏசிபி ஷீட் வாங்குங்கள். நடுவில் பிளாஸ்டிக், இருபுறமும் அலுமினியத் தகடு என்பதால் பிவிசி நீளுவதில் பாதியளவுகூட நீளாது, ஈரமும் ஏறாது. வழக்கமான ஷீட் 4 அடிக்கு 8 அடி. உங்கள் 3 அடிக்கு 5 அடிப் படத்துக்கு ஒரு ஷீட்டில் ஒன்றுதான் வெட்ட முடியும். 2 அடிக்கு 4 அடியாகக் குறைத்தால் சேதாரமின்றி நான்கு வரும். விளிம்பிலிருந்து 3 அல்லது 4 அங்குலம் உள்ளே தள்ளிப் பின்னால் அலுமினியச் சட்டம் ஒட்டினால் வளைவுக்கு இடமில்லை, படமும் சுவரிலிருந்து விலகி நிற்கும். மரநாரை அழுத்திச் செய்யும் எம்டிஎஃப் பலகை வழவழப்பாக இருக்கிறதென்று அதைத் தேர்ந்தெடுக்காதீர்கள். நம் ஊர் மழையில் விளிம்பு உப்பி, ஒட்டிய படத்தையும் பிளந்துவிடும்.

ஒட்டுவதற்கு லஸ்டரும் மெல்லிய வழவழப்பான மேட் தாளும் நன்றாக ஒத்துழைக்கும். சொரசொரப்பான 300 ஜிஎஸ்எம் காட்டன் தாளின்மேல் லாமினேஷன் போட்டால் பள்ளங்களில் காற்று தங்கி வெள்ளி பூத்தாற்போல் மின்னும். காட்டன் தாளைப் பலகையில் ஒட்டவே வேண்டாம் என்பது எங்கள் உறுதியான கருத்து. ஒட்டினால் பிறகு எடுக்க முடியாது. மேல் விளிம்பில் மட்டும், பின்புறத்தில், அமிலமற்ற துணி நாடாவால் ஏழெட்டு இடங்களில் கீல் போலப் பிடித்துத் தொங்கவிடுங்கள். நான்கு பக்கமும் நாடா ஒட்டிவிட்டால் மழைக்காலத்தில் தாள் விரிய இடமில்லாமல் அலை அலையாகக் கிளம்பும். 44 அங்குல அகலத் தாள் அரை சதவீதம் விரிந்தாலே 5 மி.மீ.க்கு மேல் ஆகிறது. ரோல் தாளில் நார் நீளவாட்டில் ஓடுவதால் அகலவாட்டில்தான் விரிவு அதிகம். ஆகவே சட்டத்துக்குள் பக்கங்களில் 5 மி.மீ. வெளி விடுங்கள்.

சட்டம் போடுகிறவர்களுக்கு எடைக் கணக்கும் தேவை. 44க்கு 64 அங்குலச் சட்டத்தில் 3 மி.மீ. கண்ணாடி மட்டுமே 13 கிலோவைத் தாண்டும். அதே தடிமன் அக்ரிலிக் 6.5 கிலோ. படமும் கண்ணாடியும் ஒட்டிக்கொள்ளாதபடி இடையில் 6 மி.மீ. கட்டை வைக்க வேண்டும். சட்டத்தின் கீழ் மூலைகளில் பின்புறம் ஒரு செ.மீ. தடிமனில் ரப்பர் அல்லது தக்கைக் குமிழ் ஒட்டுங்கள். பழைய சுண்ணாம்புச் சுவர் மழையில் ஈரம் உறிஞ்சி உப்புப் பூக்கும். அதில் ஒட்டியபடி தொங்கும் படத்தின் முதுகில்தான் முதல் பூஞ்சை பிடிக்கிறது.

கேள்வி: வீட்டில் பளிச்சென்று வெள்ளையாக இருந்த தாள், எல்இடி விளக்கின் கீழ் மஞ்சளாகத் தெரிகிறதே?
— வாசகர், லாஸ்பேட்டை

பதில்: அதில் வெண்மையூட்டி கலந்திருக்கிறது. கண்ணுக்குத் தெரியாத புற ஊதா ஒளியை வாங்கி நீலமாக வெளியிடும் வேதிப்பொருள் அது. பகலொளியில் புற ஊதா உண்டு, தாள் பளிச்சிடுகிறது. பெரும்பாலான வெள்ளை எல்இடியில் அது இல்லை. தாளின் சொந்த நிறம் வெளியே வருகிறது. புற ஊதாவைத் தடுக்கும் கண்ணாடி போட்டாலும் இதேதான். காலப்போக்கில் வெண்மையூட்டியின் சக்தியும் குறையும். வாங்கும் முன் கள்ள நோட்டு பார்க்கும் விளக்கைத் தாள்மேல் அடித்துப் பாருங்கள். நீலமாக ஒளிர்ந்தால் வெண்மையூட்டி இருக்கிறது. ஒரு மாதக் காட்சிக்கு அது கெடுதலில்லை. விற்பனைக்கோ சேகரிப்புக்கோ என்றால் ஒளிராத தாளை எடுங்கள். எதுவானாலும் ஒரே கண்காட்சியில் இரண்டு வகைத் தாளைப் பக்கத்தில் பக்கத்தில் மாட்ட வேண்டாம்.

கேள்வி: தேவனாம்பட்டினம் வெள்ளிக் கடற்கரையில் திறந்தவெளிக் கண்காட்சி நடத்தத் திட்டம். நல்ல கலைத் தாளில் அச்சிட்டு லாமினேஷன் போட்டால் தாங்குமா?
— இளைஞர் மன்றம், கடலூர்

பதில்: தாங்காது. லாமினேஷன் முன்பக்கத்தை மட்டுமே காக்கும்; உப்பு ஈரம் வெட்டிய விளிம்பு வழியே தாளுக்குள் ஏறும். கடற்கரையில் நிற்க வேண்டிய படத்துக்கு மேட் வினைலில் எகோ சால்வென்ட், லேடெக்ஸ், யுவி என்ற வெளிப்புற மைகளில் ஒன்றால் அச்சிட்டு, புற ஊதா தடுக்கும் மேட் லாமினேஷன் போட்டு ஏசிபியில் ஒட்டுவதுதான் வழி. பளபளப்பான பிளெக்ஸ் மலிவு. ஆனால் நம் கடற்கரை கிழக்கு பார்த்தது, காலை வெயில் நேராக அடித்தால் கடலைப் பார்த்த படம் ஒன்றுமே தெரியாது. படங்களை வடக்கு நோக்கி நிறுத்த முடிந்தால் நிறுத்துங்கள். நிறமும் அதிக நாள் நிற்கும்.

காற்றை மறந்துவிடாதீர்கள். மணிக்கு 72 கிலோமீட்டர் காற்று, 40க்கு 60 அங்குலப் பலகையில் சுமார் 38 கிலோ எடைக்குச் சமமாகத் தள்ளும். இரண்டு கம்பியில் கட்டித் தொங்கவிட்டால் பிய்த்துக்கொண்டு போய் யார்மேலாவது விழும். நான்கு மூலையிலும் நடுவிலும் திருகாணி வேண்டும். அது 316 தர எவர்சில்வராக இருக்கட்டும்; சாதாரண இரும்பு சில நாளிலேயே துருவைப் படத்தின்மேல் ஒழுகவிடும். அக்டோபர் முதல் டிசம்பர் வரை நடத்துவதாயிருந்தால் ஒரு மணி நேரத்தில் கழற்றி எடுக்கும்படி பொருத்துங்கள். தானே புயல் கடலூரைத் தாக்கியது டிசம்பர் 30இல். மார்கழி வந்துவிட்டதால் ஆபத்து நீங்கியது என்று இருந்துவிட முடியாது. வாரம் ஒரு முறை நல்ல தண்ணீரில் நனைத்த மென்துணியால் உப்பைத் துடையுங்கள். காய்ந்த துணியால் தேய்த்தால் உப்புத் துகளே கீறிவிடும்.

கேள்வி: கோப்பை எப்படி அனுப்ப வேண்டும்? வாட்ஸ்அப்பில் அனுப்பினால் போதும் என்கிறார்கள்.
— வாசகி, வில்லியனூர்

பதில்: போதாது. வழக்கம்போலப் படமாக அனுப்பினால் அங்கே அது சுருங்கிவிடும். தரம் குறையாத டிஃப் (TIFF) கோப்பாகப் பென்டிரைவில் கொண்டுபோங்கள். அச்சிடும் அளவிலேயே, அங்குலத்துக்கு 300 பிக்சலாகப் பெரிதாக்கிக் கொடுத்தால் 40க்கு 60 அங்குலத்துக்கு 12,000க்கு 18,000 பிக்சல். 8 பிட்டில் ஏறக்குறைய 650 எம்பி, 16 பிட்டில் அதில் இரு மடங்கு. கூர்மையேற்றும் வேலையைப் பெரிதாக்கியபின் கடைசியில் செய்யுங்கள். பெருக்கியதால் வானமும் தோலும் மெழுகு போலத் தெரிந்தால் பழைய ஃபிலிமில் தெரிவது போன்ற மெல்லிய குருணையைச் சேர்ப்பது உதவும்.

கடையில் அவர்களின் எந்திரத்துக்கும் அந்தத் தாளுக்கும் உரிய ஐசிசி புரொஃபைலை (நிறம் எப்படி வரும் என்று சொல்லும் கோப்பு) கேட்டு வாங்குங்கள். அதை வைத்துத் திரையிலேயே முன்னோட்டம் பார்க்கலாம். மேட் தாளானால் நிழல்கள் அடைபடுவது அப்போதே தெரியும். இருண்ட சாம்பல் நிறங்களைச் சற்று வெளிச்சமாக்கிவிடுங்கள். திரையின் வெளிச்சத்தைச் சதுர மீட்டருக்கு 100 கேண்டெலா (ஒளி அளவின் அலகு) அளவுக்கு இறக்காமல் திருத்தினால் அச்சில் எல்லாம் இருண்டே வரும். அச்சு இருட்டாக வந்துவிட்டது என்று வரும் புகார்களில் பல இதனால்தான்.

கேள்வி: கண்காட்சி முடிந்ததும் சட்டமில்லாத பெரிய படங்களை எப்படி வைப்பது? பிவிசி குழாயில் சுருட்டிப் போட்டிருக்கிறேன்.
— வாசகர், திருப்பாதிரிப்புலியூர்

பதில்: குழாயிலிருந்து எடுத்துவிடுங்கள். குறுகிய குழாய்க்குள் திணித்த 300 ஜிஎஸ்எம் தாள் சுருளை விடாது, விரிக்கும்போது பூச்சில் வெடிப்பும் விழலாம். பிவிசியிலிருந்து வரும் ஆவியும் படத்துக்கு ஆகாது. குறைந்தது 6 அங்குல விட்டமுள்ள அட்டை உருளையை எடுத்து, அதன்மேல் அமிலமற்ற தாளைச் சுற்றி, படத்தை உருளைக்குள் திணிக்காமல் அதன் வெளிப்புறத்தின்மேல் சுற்றுங்கள். படத்துக்குப் படம் இடையே அமிலமற்ற மெல்லிய தாள் வையுங்கள். மேலே ஒரு சுற்றுத் தாள், அதன்மேல் தளர்வாக நாடா; ரப்பர் பேண்ட் போடாதீர்கள், அச்சு பதியும்.

வெளிச்சுவரை ஒட்டிய அலமாரியில் வைக்காமல், வீட்டின் நடு அறையில் தரையிலிருந்து ஓரடியாவது உயரத்தில் வையுங்கள். ஈரம் உறிஞ்சும் சிலிக்கா ஜெல் போட்டால் நிறம் மாறும் வகையாக வாங்கி, மாறியதும் வறுத்துத் திரும்பப் போட வேண்டும். போட்டுவிட்டு மறந்தால் பயனில்லை. தை பிறந்து காற்று உலர்ந்ததும் ஒரு நாள் எல்லாவற்றையும் நிழலில் விரித்து, வெள்ளிப்பூச்சி அரித்த தடமோ பூஞ்சைப் புள்ளியோ இருக்கிறதா என்று முதுகுப் பக்கத்தையும் சேர்த்துப் பாருங்கள். பூஞ்சை பிடித்த படம் இருந்தால் மற்றவற்றோடு சேர்த்துச் சுற்றாமல் தனியாக வையுங்கள்.